ஜனாதிபதியின் நீச்சல் குளத்தில் நான் நீந்தாத கதை

நாடு திவாலாகிவிட்டது என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட அதே வாரம் எங்கள் ஊர்க் குடிதண்ணீர்ப் பம்பும் நின்றுபோனது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நாட்டை உடைத்தவர்கள் பெரிய மனிதர்கள். பம்பை உடைத்தது உப்பும் வயதும்.

மன்னார்ப் பக்கத்துக் கடலோரக் கிராமம் எங்களுடையது. எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். இரண்டு மைல் உள்ளே ஒரே ஒரு நல்ல கிணறு உண்டு. அதிலிருந்து தண்ணீர் தள்ளப் போர் முடிந்த பிறகு யாரோ புண்ணியவான்கள் ஒரு பம்பு வாங்கித் தந்தார்கள். அதன் வயிற்றில் கோயம்புத்தூர் என்று பொறித்த தகடு இருந்தது. உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் வெண்கலச் சக்கரம் இப்போது மூன்று துண்டாகிவிட்டது. தண்ணீர் வண்டியைக் கூப்பிடலாம். வண்டிக்கு டீசல் வேண்டும். டீசலுக்கு வரிசை. வரிசையில் நிற்பவனுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும். இப்படி எங்கள் ஊர் ஒரு வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. வெளிநாட்டிலிருந்து வரக்கூடாத பொருட்களுக்கு நீளமாக ஒரு பட்டியல் போட்டது. அரச ஊழியர்கள் வெள்ளிக்கிழமை அலுவலகம் வரவேண்டாம், வீட்டில் தோட்டம் செய்யுங்கள் என்றது. நான் பிரதேச சபையில் இலிகிதர், அதாவது கிளார்க். மண்வெட்டியோடு வீட்டு வளவில் நின்றேன். தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கே என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. வெளிநாடு போய் உழைத்து டொலர் அனுப்புகிறவர்களுக்கு ஐந்து வருட விடுமுறை என்றும் அறிவித்தார்கள். நான் எட்டு நாள் கேட்டேன். ஐந்து வருடம் என்றால் படிவம் இருக்கிறது ஜெசிந்தா, எட்டு நாளுக்கு யோசிக்க வேண்டும் என்றார் மேலதிகாரி.

ஊர்த் தண்ணீர்க் குழுவின் செயலாளரும் நான்தான். வேறு யாரும் அந்தப் பதவிக்கு வரமாட்டார்கள். கனடாவில் இருக்கும் தங்கை பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தாள். பங்குச் சுவாமி கோவையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு விடுதிக்குக் கடிதம் கொடுத்தார். உடைந்த சக்கரத்தைப் பழைய சேலையில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு நான் போய் இறங்கினேன்.

முதல் நாள் காலையிலேயே ஒரு விஷயம் தெளிவாயிற்று. நான் பம்புக்கு வந்தவள் என்று நான் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற எல்லோருக்கும் நான் பஞ்சத்திலிருந்து தப்பி வந்தவள். விடுதிச் சிஸ்டர் என் தட்டில் சந்தகை வைத்தார். அது நம் இடியப்பத்தின் கொங்கு நாட்டு உறவு. அரிசி மாவை அவித்துப் பிறகு பிழிகிறார்கள். மேலே தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும். ஒரு தட்டு முடிந்ததும் இன்னொன்று வந்தது. போதும் என்றேன். சிஸ்டர் என் தலையைத் தடவி, இங்கே கூச்சப்பட வேண்டாம் என்றார். எனக்கு வயது நாற்பத்தைந்து. நானும் நல்லாய்ச் சாப்பிட்டு வளர்ந்தவள் என்று உடம்பைப் பார்த்தாலே தெரியும். மூன்றாவது தட்டையும் சாப்பிட்டேன். அழுகை வந்தது. அது சந்தகையின் ருசிக்கா, அந்தத் தடவலுக்கா என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு பம்புக் கடைகளைத் தேடிக் கிளம்பி வழியில் ஒரு வரிசையைக் கண்டேன். கால் தானாகப் போய் நின்றுவிட்டது. நாலு மாதப் பழக்கம் அது. எங்களூரில் வரிசையைக் கண்டால் முதலில் நிற்பது, எதற்கென்று பிறகு விசாரிப்பது. முக்கால் மணி நேரம் நின்று கதவுக்குக் கிட்ட வந்தபோது எனக்கு முன்னால் நின்ற அம்மாவிடம் உள்ளே என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். ஒன்றும் கொடுப்பதில்லை, ஆதார் அட்டையில் பெயர் திருத்துகிறார்கள் என்றார் அவர். என் பேச்சைக் கேட்டுவிட்டு, நீங்க பாலக்காடுங்களா என்றும் கேட்டார். கோவையில் இருந்த நாட்கள் முழுக்க என்னை மலையாளி என்றே நினைத்தார்கள். நான் பேசுவது தமிழ் என்று நிரூபிப்பதிலேயே பாதி மூச்சுப் போனது.

பம்புக் கடைகளைத் தேடி உக்கடம் போவதற்குத் தவறான பஸ்ஸில் ஏறி, மேட்டுப்பாளையம் சாலையில் பாதி தூரம் போய்விட்டேன். நடத்துனர் என்னைவிட அதிகம் வருந்தினார். பஸ்ஸை நிறுத்தி எதிரே வந்த ஓர் ஆட்டோவைக் கைகாட்டி, அதன் ஓட்டுநரிடம் என்னைப் பத்திரமாக ஒப்படைத்தார். ஓட்டுநரின் பெயர் ரஃபீக். உக்கடத்துக்காரர். முப்பது வயதிருக்கும்.

சிறிது தூரம் போய் அவர் பெட்ரோல் போட நிறுத்தினார். முன்னால் ஒரு வண்டிகூட இல்லை. நாங்கள் போய் நின்றோம், போட்டார்கள், கிளம்பினோம். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"ஏனுங்க்கா, எதாச்சும் கீழ விட்டுப்போட்டீங்களா?" என்றார் ரஃபீக்.

இலங்கையிலிருந்து வருகிறேன் என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழகிவிட்டிருந்தது. சிஸ்டரும் நடத்துனரும் அப்படித்தான் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கும் பார்வை. அடுத்து என்ன வரும் என்றும் தெரியும். பாவமுங்க என்பார்.

ஆனால் ரஃபீக் அதைச் சொல்லவில்லை. சட்டென்று முகம் மலர்ந்து, பிரசிடெண்ட் ஊட்டுக்குள்ளார பூந்து நீச்சல் குளத்துல எல்லாரும் குளிச்சாங்களே, அதை நீங்க பாத்தீங்களா என்றார்.

நான் அதைத் தொலைபேசியில் பார்த்தேன். அதுவும் பாதியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. கொழும்பு எங்கள் ஊரிலிருந்து ஒரு பகல் பயணம். அன்றைக்கு நான் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். உண்மை இவ்வளவுதான். ஆனால் காலையிலிருந்து எல்லோரும் இரக்கப்பட்டு இரக்கப்பட்டு எனக்குள் எதுவோ குன்றிப்போயிருந்தது. முதல் தடவையாக ஒருவர் என்னைப் பொறாமையோடு பார்க்கிறார்.

"ஓம் தம்பி, நான் அதுக்குள்ள இறங்கி நீந்தினனான்" என்றேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. கடலோரத்தில் பிறந்தும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை.

இரண்டாம் நாள் ரஃபீக் விடிந்ததும் விடுதி வாசலில் நின்றார். கணபதிப் பக்கம் சந்துக்குச் சந்து சிறிய வார்ப்படப் பட்டறைகள் இருக்கின்றன, அங்கேதான் உங்கள் வேலை ஆகும் என்றார். நாங்கள் ஏறி இறங்கிய முதல் நாலு இடங்களிலும் ஒரே பதில்தான். அந்த மாதிரிப் பம்பு இப்போது செய்வதில்லை. சக்கரத்துக்கு அச்சு கிடையாது. ஒற்றைச் சக்கரத்துக்காக யாரும் உலை மூட்டமாட்டார்கள். ஆனால் அந்த இல்லையையும் எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் ஆம் என்பதைக்கூட அவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை.

ஐந்தாவது பட்டறை பொன்னுச்சாமியுடையது. ஐம்பது வயது. கையில் மயிரெல்லாம் கருகியிருந்தது. மனைவி சாந்தாமணி வாசலில் மேசை போட்டு வரவு, அனுப்புதல் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னுச்சாமி மூன்று துண்டுகளையும் ஒட்டவைத்துப் பார்த்து, அந்தக் காலத்துச் சரக்குங்க என்று பாராட்டினார். பிறகு அவரும் தலையாட்டினார். முடியாதுங்க.

ரஃபீக் அவர் காதருகில் குனிந்து ஏதோ சொன்னார். பொன்னுச்சாமி என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"அப்படீங்களா? அம்மணி, உக்காருங்க. சாந்தா, டீ சொல்லு."

டீ வந்தது. பசும்பால் டீ. எங்களூரில் பால்மாவே கண்ணில் படாமல் எல்லோரும் வெறும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த காலம். உலையடியில் வேலை செய்த ஒடிசாக்காரர்கள் இருவரும் வந்து நின்றார்கள். நான் சொன்னதை ரஃபீக் இந்தியில் சொல்ல, அவர்களில் ஒருவர் அதை இன்னொருவருக்கு ஒடியாவில் சொன்னார். இரண்டு மொழி தாண்டுவதற்குள் நான் எவ்வளவு தூரம் நீந்தியிருப்பேனோ தெரியாது. தண்ணீர் சூடா குளிரா என்று ஒருவர் கேட்டார். இளஞ்சூடு என்றேன். ஜனாதிபதியின் படுக்கை எப்படி என்றார் சாந்தாமணி. படுத்தால் உள்ளே போய்விடும் அக்கா என்றேன். பொன்னுச்சாமி சிரிக்கவே இல்லை. கோயிலில் கதை கேட்பவர் போலக் கைகட்டி நின்றார். பிறகு உடைந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவற்றை ஒட்டி, தேய்ந்த இடத்தைப் பட்டி வைத்து நிரப்பி, அதையே அச்சாக மணலில் பதித்து வார்க்கலாம், வெள்ளிக்கிழமை வேறு வேலைக்கு உலை மூட்டுகிறோம், அதோடு ஊற்றிவிடலாம் என்று வந்து சொன்னார்.

மூன்று நாள் காத்திருக்க வேண்டும். ரஃபீக் என்னை விட்டபாடில்லை. தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிரியாணி போட்டார். அவர் மனைவியிடம் குளத்தைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் வளர்ந்தது. வியாழக்கிழமைக்குள் நான் ஜனாதிபதியின் சமையலறையில் மீன் பொரித்துச் சாப்பிட்டிருந்தேன். யாரும் என் தலையைத் தடவவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

வியாழன் மாலை பொன்னுச்சாமியிடமிருந்து அழைப்பு வந்தது. சிறு பட்டறைக்காரர்கள் கூடுகிறார்கள், நீங்களும் வந்து பத்து நிமிடம் பேச வேண்டும் என்றார். மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. என் சக்கரம் அவர் மணலுக்குள் இருந்தது.

ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. பிளாஸ்டிக் நாற்காலிகளில் முப்பது பேர் இருப்பார்கள். கரண்டு பில் ஏறியது பற்றியும், இரும்பு விலை பற்றியும், பெரிய கம்பெனிகள் கூலியைக் கூட்டாதது பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் தாழ்ந்த குரலில், ங்க போட்டு, தங்கள் அழிவைப் பற்றி இவ்வளவு பணிவாகப் பேசியதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. பொன்னுச்சாமி எழுந்து, நம்ம பயந்துட்டே இருக்கறமுங்க, இந்த அம்மணி பயப்படாத ஊர்லிருந்து வந்திருக்காங்க என்று என்னை அறிமுகம் செய்தார்.

நான் பழகிய கதையை ஆரம்பித்தேன். வாசல் கதவு, கூட்டம், படிக்கட்டு, குளம். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பின்வரிசையில் ஒருவர் கை தூக்கினார். பட்டறையை மூடிவிட்டவர் என்று பிறகு தெரிந்தது. வெள்ளைச் சட்டை, மடியில் ஹெல்மெட்.

"உள்ள போனீங்க, குளிச்சீங்க, சரிங்க. அடுத்த நாள் ஊட்டுல அடுப்பு எரிஞ்சுதுங்களா?"

கிண்டலாக அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைத் தெரிந்துகொண்டு ஏதோ முடிவெடுக்க நினைத்தவர் போல இருந்தார். பொய் சொல்ல வராமல் இல்லை. எரிந்தது என்றும் சொல்லலாம், எரியவில்லை என்றும் சொல்லலாம். இரண்டுமே அந்தக் குளத்துக்குப் போகாதவள் சொல்கிற பதில்.

"நான் அங்க போகேல்லை ஐயா" என்றேன். "அண்டைக்கு நான் எங்கட ஊரில மண்ணெண்ணெய் வரிசையில நிண்டனான்."

ரஃபீக் தரையைப் பார்த்தார். ஆரம்பித்துவிட்டதால் மிச்சத்தையும் சொன்னேன். அது இரண்டாவது நாள் வரிசை. கடலுக்குப் போக எண்ணெய் இல்லாமல் மீனவர்கள் எல்லாம் கேன் வைத்துக் காத்திருந்தார்கள். எனக்கு மூன்று பேருக்கு முன்னால் சூசை அண்ணன். வெயிலில் நின்றவர் கொஞ்சம் இருக்கிறேன் பிள்ளை என்று கேனுக்குப் பக்கத்தில் குந்தினார். பிறகு எழும்பவில்லை. தூக்கிக்கொண்டு போக வண்டிக்கும் எண்ணெய் இல்லை. உடலைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் போன பிறகு வரிசை நகர்ந்தது. அவருக்குப் பின்னால் நின்றவன் குனிந்து, அவருடைய கேனையும் தன் கேனோடு ஓரடி முன்னால் தள்ளி வைத்தான். அதற்குப் பின் ஒவ்வொரு அடிக்கும் யாராவது ஒருவர் தள்ளினோம். நானும் தள்ளினேன். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மாலையில் அவர் முறை வந்தபோது அந்தக் கேனையும் நிரப்பிக் கொடுத்தார்கள். நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி எண்ணெயைக் கையில் வாங்கி, எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று மட்டும் கேட்டார். அதே நேரம்தான் கொழும்பில் எல்லோரும் குளத்தில் இருந்திருக்கிறார்கள்.

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரும் கை தட்டவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் தலையை மெதுவாக ஆட்டினார். கூட்டம் மறுபடி கரண்டு பில்லுக்குத் திரும்பியது. பொன்னுச்சாமி என் பக்கம் பார்க்கவே இல்லை. ரஃபீக் ஆட்டோவில் என்னை விடுதி வாசலில் கொண்டுவந்து இறக்கினார். மீன் பொரிச்சதாச்சும் நெசமுங்களா என்றார். இல்லை தம்பி என்றேன். அவர் அதற்குத்தான் மிகவும் வருந்தியதாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை நானே நடந்து கணபதிக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே யோசனை. சக்கரம் இல்லாமல் ஊருக்குப் போனால் என்ன சொல்வது? நீந்தாத குளத்தில் நீந்தினேன், அதனால் உங்களுக்குத் தண்ணீர் இல்லை என்றா?

சாந்தாமணி மேசையில் இருந்தார். டீ சொல்லவில்லை. உள்ளே உலை எரிந்துகொண்டிருந்தது. அவரு வெசனமா இருக்கறாருங்க என்றார். பட்டறை பட்டறையாகப் போய் உங்களைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தார், இப்போது வெளியே தலைகாட்ட முடியவில்லை என்கிறார் என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவர்கிட்டயே சொல்லிப்போடுங்க என்று உள்ளே கை காட்டினார்.

உருகிய உலோகம் மணலுக்குள் இறங்குவதை ஒதுங்கி நின்று பார்த்தேன். ஆறியதும் உடைத்து எடுத்தார்கள். சக்கரத்தின் நடுவே காற்றுக் குமிழ் விழுந்து ஓட்டையாகியிருந்தது. கடவுள் கணக்கைத் தீர்த்துவிட்டார் என்று நினைத்தேன். பொன்னுச்சாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், குப்பைக் குவியலில் போட்டார், அச்சை எடுத்து மறுபடியும் மணலில் பதித்தார். ஒடிசாக்காரர்கள் இன்னும் கொஞ்சம் உலோகத்தை உலையில் போட்டார்கள்.

நான் கிட்டப் போய், பொய் சொன்னது பிழைதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"உங்க மேல எனக்குக் கோவந்தானுங்க" என்றார் அவர் மணலைத் தட்டிக்கொண்டே. "அதுக்குப் பம்பு என்னங்க பண்ணும்?"

இரண்டாவது வார்ப்பு சுத்தமாக வந்தது. மறுநாள் கடைசல் பிடித்து, சமன் பார்த்து, எண்ணெய் தடவித் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். கூலியைச் சாந்தாமணி வாங்கிக்கொண்டார். கூட ஒரு பொட்டலம் அரிசிம்பருப்புப் பொடியும் வைத்தார். பொன்னுச்சாமி லேத்துக்குப் பின்னாலிருந்து வரவில்லை. நான் போய்வருகிறேன் என்று குரல் கொடுத்தேன். சரீங்க என்றது லேத்து.

கொழும்பு விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார் ஒரு சுங்க அதிகாரி. சிங்களத்தில் இது என்ன என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் தண்ணீர்ப் பம்புச் சக்கரம் என்றேன். வரக்கூடாத பொருட்களின் பட்டியலைப் புரட்டினார். சொந்தப் பாவனைக்கா, அதாவது உங்கள் உபயோகத்துக்கா என்றார். ஓம், முந்நூறு குடும்பத்தின் சொந்தப் பாவனைக்கு என்றேன். அவர் சக்கரத்தைக் கையில் எடுத்து எடை பார்த்தார், விரலால் ஓரத்தைத் தடவினார். கண்டிக்கு மேலே இருக்கும் தன் கிராமத்திலும் பம்பு ஆறு மாதமாக நிற்கிறது என்று தணிந்த குரலில் சொன்னார். பிறகு பொன்னுச்சாமியின் முகவரியைக் கேட்டுப் பட்டியலின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டார்.

ஊருக்கு வந்து சேர்ந்த மறுநாள் சக்கரத்தைப் பூட்டினோம். மின்வெட்டு முடிந்து மின்சாரம் வரக் காத்திருந்தோம். பகல் இரண்டு மணிக்கு வந்தது. பம்பு இருமியது, நடுங்கியது, பிறகு சீராக ஓடியது. இரண்டு மைல் குழாயில் தண்ணீர் வந்து சேர அரை மணி நேரம் எடுத்தது. முதலில் காற்று, பிறகு துருத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர்.

ஊரே குடங்களோடு ஓடி வந்தது. இடித்தார்கள், தள்ளினார்கள், ஒருத்தியின் குடத்தை இன்னொருத்தி காலால் எற்றினாள். மூன்று வீட்டுச் சண்டை ஒரே நேரத்தில் மூண்டது. செயலாளர் என்ற முறையில் நான் கையை உயர்த்தி, வரிசையில் நில்லுங்கோ என்று கத்த வாயைத் திறந்தேன். சூசை அண்ணனின் கேன் நினைவுக்கு வந்தது. கையை இறக்கிவிட்டு, என் குடத்தையும் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் இடித்துக்கொண்டு போனேன்.